டோக்கியோவிற் பாய்ந்த உயரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிலே இளைஞர் சார்பில் ஒருவர் பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கட்டளையிட்டபோது, பொருளை எமது விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஓட்டமும் பாய்ச்சலும் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர், "தம்பி, தேவாரம் பாடித் தொடங்குகிற மேடையிலே நீர் பந்தயக் கதையா சொல்லப் போகிறீர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாகச் சுவாமி விவேகானந்தரைத் துணைக்கு அழைப்பது இப்படிப்பட்ட மேடைகளில் வழக்கம். 1897ஆம் ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து பேசிய சுவாமிகள், அடுத்த மாதமே சென்னையில், கீதையைப் படிப்பதிலும் பார்க்க உதைபந்தாட்டம் இளைஞரை விண்ணுலகுக்கு அண்மையிற் கொண்டுசெல்லும் என்ற கருத்துப்படப் பேசியதையும், திருமூலர் உடம்பை இழுக்கென்று தள்ளிவிடாது அதனுள்ளே இறைவனைக் கண்டதையும் எமக்கு முன்னர் பேசிய பலர் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். நாம் அவற்றைத் திரும்பவும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. ஒரு மனிதர் ஒரு நாளிற் பாய்ந்த ஓர் உயரத்தைப் பற்றியே இன்று பெரும்பாலும் பேசப்போகிறோம்.

அந்த உயரம் 2.03 மீற்றர். பெரியோர்களுக்குப் பழக்கமான கணக்கிற் சொன்னால் ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது இம்மண்டபத்தின் வாசல் நிலையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எங்கள் வீடுகளில் உள்ள கதவு நிலைகள் பல இந்த உயரத்துக்கு வரமாட்டா. அப்படிப்பட்ட ஒரு நிலைக்கு மேலாக, எதனையும் கையாற் பற்றாமல், ஒற்றைக் காலால் நிலத்தை உந்தி, ஓர் உடல் முழுவதும் கடந்து போகவேண்டும். கடக்கும்போது மேலே கிடக்கும் கோல் விழவுங்கூடாது.

பாய்ந்தவர் திரு. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானைச் சேர்ந்தவர், வெஸ்லியன் மிசனாரால் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிறந்த அவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்கு இலங்கையின் சார்பிற் சென்றபோது 18 வயதை இன்னும் எட்டியிருக்கவில்லை. இன்று எம்முடைய உயர்தர வகுப்பில் இருக்கும் ஒரு பையனுடைய வயது அது. 1956இல் மெல்பேர்ணிலும் பங்குபற்றினார். அந்தப் போட்டியில் அமெரிக்கரான சாள்ஸ் டூமாஸ் 2.12 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றார். 7 அடி உயரத்தை உலகில் முதன் முதலாகத் தாண்டியவரும் அதே டூமாஸ்தான். அத்தகைய பாய்ச்சற்காரரோடு ஒரே களத்தில் நின்றவர் எங்கள் பெரியவிளான் இளைஞர். பின்னர் அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் கல்வி பயின்றார்.

1958ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி தொடக்கம் யூன் முதலாந் திகதி வரை யப்பானியத் தலைநகர் டோக்கியோவில் 3ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இருபது நாடுகள் பங்குபற்றின. அதற்கென்றே கட்டப்பட்ட தேசிய விளையாட்டரங்கு அவ்வாண்டு தான் திறக்கப்பட்டிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியும் அதே அரங்கிலே தான் நடந்தது. (அந்த அரங்கு இப்போது இல்லை; 2015இல் இடித்து, அதே இடத்தில் வேறோர் அரங்கு கட்டிவிட்டார்கள்.) அங்கே உயரம் பாய்தலில் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். 1951ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், எந்த விளையாட்டிலாயினும், இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவே.

இவ்விடத்தில் உயரம் பாய்தல் என்னும் போட்டியின் இயல்பைச் சற்று விளக்குதல் நன்று. ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் ஒருமிக்கப் புறப்படுவர். சில செக்கன்களில் யாவும் முடிந்துவிடும். உயரம் பாய்தல் அப்படியன்று. அது மணிக்கணக்காக நீளும். கோலை ஒவ்வொரு படியாக உயர்த்துவர். ஒவ்வொரு உயரத்தையும் பாயலாம், அல்லது "இது வேண்டாம், அடுத்ததைப் பாய்கிறேன்" என்று விட்டுவிடலாம். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேறவேண்டியதுதான். இருவர் ஒரே உயரத்தைப் பாய்ந்திருந்தால், கடைசி உயரத்திற் குறைவாகத் தவறியவருக்கே முதலிடம். அதிலும் சமமானால், முழுப் போட்டியிலும் குறைவாகத் தவறியவருக்கு. ஆகவே கீழ் உயரங்களில் அலட்சியமாகப் பாய்ந்து கோலைத் தட்டியவன், மேலே போய் அதற்கு விலை கொடுப்பான்.

இந்தப் போட்டியில் இன்னுமொரு விசித்திரம் உண்டு. மற்றவர்கள் யாவரும் விலகிய பின்னரும், வென்றவர் கோலை இன்னும் உயர்த்தச் சொல்லிப் பாய்ந்து பார்க்கலாம். பெரும்பாலும் அப்படியே செய்வர். ஆகையால் தங்கப் பதக்கக்காரரும் இறுதியில் மூன்று முறை கோலை விழுத்திய பின்னரே களத்தை விட்டு வருவார். தோல்வியோடு முடிவடைகின்ற வெற்றி இது. பரீட்சைப் பெறுபேற்றுத் தாளில் ஒரே ஒரு பாடம் குறைந்தமைக்காகப் பிள்ளையை மூன்று நாள் பேசாமல் வைத்திருக்கும் பெற்றோர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். அவர்கள் ஒருநாள் வந்து உயரம் பாய்தலைப் பார்க்கவேண்டும்.

இனிச் சொல்லப்போவது சொல்வதற்கு இலகுவான செய்தியன்று. எனினும் சொல்லாது விட்டால் இந்தப் பேச்சு அரைப் பேச்சாகிவிடும்.

டோக்கியோவில் விழா தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், 1958ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி, பொலநறுவையிலே புகையிரதப் பிரயாணிகள் தாக்கப்பட்டார்கள். வவுனியா மகாநாட்டுக்குத் தமிழர்கள் செல்கிறார்கள் என்று எண்ணி நடந்த தாக்குதல் அது. அங்கிருந்து மூண்ட தீ நாடெங்கும் பரவியது. பாணந்துறையிலே கோயில் எரிக்கப்பட்டது. அதன் பூசகர் உயிரோடு எரிக்கப்பட்டார். மே 27ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பிலே அகதிகளான ஆயிரக்கணக்கான தமிழ் மக்கள் பாடசாலை ஒன்றின் கட்டிடங்களில் அடைபட்டுக் கிடந்து, பின்னர் கப்பலேறி வடக்கே வந்து இறங்கினார்கள். இச்சபையிலுள்ள குடும்பங்களிலும் அந்தக் கப்பற் பயணத்தை அறிந்த பாட்டன் பாட்டிமாரைக் கொண்டவை இருக்கின்றன.

இவை நடந்த அதே ஒன்பது, பத்து நாட்களுக்குள்ளேதான் டோக்கியோவில் ஒரு தமிழ் இளைஞர் இலங்கையின் பெயரை மார்பிலே தாங்கிப் பாய்ந்து, அந்த நாட்டுக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். கொடிக்கம்பத்தில் ஏறியது இலங்கையின் சிங்கக்கொடி. உள்ளூரில் அந்தக் கொடியின் கீழ் வாழ்ந்த மக்கள் வீடு வாசலை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இச்சம்பவத்தைப் பற்றி எங்களிடையே இருவகையான பேச்சு உண்டு. ஒரு சாரார், "பார்த்தீர்களா, முதற்றங்கம் பெற்றுக் கொடுத்தவனே தமிழன், எங்களையா அடித்தீர்கள்?" என்பர். மறு சாரார், "இப்படிப்பட்ட நாட்டுக்காக அவர் ஏன் பாய்ந்தார்?" என்பர். இளைஞர்களாகிய எங்களுக்கு இரண்டாவது கேள்வி கூடுதலாகத் தைக்கும். அதனை நாம் இலேசாக ஒதுக்கவில்லை. 1958க்குப் பின்னர் 1977, 1983, அதன் பின் 2009 வரை நீண்ட யுத்தம் என்று எவ்வளவோ நடந்த மண்ணிலே பிறந்தவர்கள் நாம். ஆயினும் முதற்கேள்வியிலும் எமக்கு ஒரு சிறு கூச்சம் உண்டு. தங்கப் பதக்கம் பெற்றுக் கொடுத்தால் மாத்திரந்தான் ஒருவனை அடிக்காமல் விடவேண்டுமா? ஒரு பதக்கமும் பெறாத பாணந்துறைப் பூசகருக்கும் உயிர்வாழ உரிமை இருந்ததல்லவா? பதக்கத்தை நன்றிக்கடன் கேட்கும் சீட்டாக மாற்றும்போது, பாய்ந்தவரையும் சிறுமைப்படுத்துகிறோம், பாயாதவரையும் கைவிடுகிறோம். எதிர்வீரசிங்கம் அவர்களோ நான்கு வருடங்களின் பின்னர், 1962இல் ஜகார்த்தாவில் நடந்த 4ஆவது போட்டியிலும் அதே நாட்டின் சார்பிற் பாய்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். விளையாட்டோடு நின்றுவிடாமல் கல்வியிலும் உயர்ந்து கலாநிதியானார். 2024ஆம் ஆண்டு தமது 89ஆவது வயதிற் காலமானார்.

நாம் மிசன் பாடசாலையிற் படித்தவர்கள். அங்கே சுவட்டு மைதானத்தில் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கோல் கேட்பதில்லை என்று ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வார்கள். கோல் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் கோலை நாட்டுபவர்களும், யார் வரலாம் யார் வரக்கூடாது என்று தீர்மானிப்பவர்களும் கேட்பார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியின் வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

இந்தப் போட்டியை உருவாக்க அரும்பாடுபட்டவர் இந்தியாவின் குரு தத் சோந்தி என்னும் பெரியார். 1934ஆம் ஆண்டிலேயே மேற்காசிய விளையாட்டுப் போட்டி என்ற பெயரில் ஒரு சிறிய விழா இந்தியாவில் நடந்தது. அதிலே கலந்துகொண்ட நான்கு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. யுத்தம் முடிந்து, நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்றபின், 1949இல் ஆசிய விளையாட்டுச் சம்மேளனம் அமைந்தது. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுடில்லியில் முதற் போட்டி. இரண்டாம் உலக யுத்தத்தின் காரணமாக 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிற்கு அழைக்கப்படாதிருந்த யப்பானை, டில்லியில் அழைத்து அருகில் இருத்தினார்கள். யப்பானியப் படைகளினால் துன்பப்பட்ட நாடுகளும் அங்கே இருந்தன என்பதை எண்ணினால், இது சிறிய காரியமன்று. ஆனால் அதே சோந்தி அவர்கள் 1962இல் ஜகார்த்தாவில் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். இந்தோனேசிய அரசாங்கம் இஸ்ரவேலருக்கும் தாய்வான் வீரருக்கும் பிரவேச அனுமதி கொடுக்கவில்லை. "அப்படியாயின் இதனை ஆசிய விளையாட்டுப் போட்டி என்று அழைக்க முடியாது" என்ற நிலையை அவர் எடுத்தார். விளைவு, தெருவிலே ஆர்ப்பாட்டம் எழுந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. போட்டியை உருவாக்கியவரே போட்டி நடந்த நகரை விட்டு அவசரமாக வெளியேற நேர்ந்தது. எதிர்வீரசிங்கம் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் இந்த ஜகார்த்தாவிலே தான்.

டோக்கியோவுக்குத் திரும்புவோம். அங்கே இன்னொரு பந்தயம் இருக்கிறது. அதனைச் சொல்லாமல் விட்டால் ஓட்டக்காரத் தோழர்கள் எம்மைச் சும்மா விடமாட்டார்கள். 200 மீற்றர் இறுதி ஓட்டம். ஒருபுறம் பாகிஸ்தானின் அப்துல் காலிக். 1954இல் மணிலாவில் 100 மீற்றர் ஓட்டத்தில் வென்றவர். மறுபுறம் இந்தியாவின் மில்கா சிங். பிரிவினைக் கலவரத்திலே பெற்றோரை இழந்து அகதியாய் டில்லிக்கு வந்து, பின் இராணுவத்திற் சேர்ந்து ஓடப் பழகியவர். முடிவுக் கோட்டிலே இருவரும் ஒன்றாய் வந்தார்கள். மில்கா சிங் கோட்டைக் கடந்தவாறே நிலத்தில் விழுந்தார். புகைப்படத்தைப் பார்த்த பின்னரே மில்கா சிங் வென்றார் என அறிவித்தார்கள். 400 மீற்றரிலும் அவரே தங்கம் பெற்றார். 1947இல் இரண்டாய்ப் பிளந்த ஒரு நிலத்தின் இரு பிள்ளைகள், 11 வருடங்களின் பின் ஒரு கோட்டுக்காக இப்படி ஓடினார்கள். எங்கள் உயரம் பாய்தலையும் இந்த ஓட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், அந்த டோக்கியோ மைதானத்திலே எத்தனை நாடுகளின் காயங்கள் காற்சட்டையும் பனியனும் அணிந்து நின்றன என்பது விளங்கும்.

"விளையாட்டினாற் படிப்புக் கெடும்" என்னும் பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியத் தமிழரான மணி ஜெகதீசன் 1962இல் ஜகார்த்தாவில் 200 மீற்றர் ஓட்டத்திலும், 1966இல் பாங்கொக்கில் 100 மீற்றர், 200 மீற்றர், 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். அவர் வைத்தியர். இதற்கு மேல் நாம் வாதாட விரும்பவில்லை.

எதிர்வீரசிங்கத்தின் பின்னர் ஆசியக் களத்தில் இலங்கைக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்தவர்கள் பலர். 1970இல் பாங்கொக்கில் லூசியன் றோசா 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும். 1974இல் தெஹ்ரானில் விமலதாச 400 மீற்றரில், அத்தோடு 4 x 400 மீற்றர் அஞ்சலோட்டக் குழுவினர். 1998இல் மறுபடியும் பாங்கொக்கில் சுகத் திலகரத்ன 400 மீற்றரை 44.61 செக்கனில் ஓடினார், தமயந்தி தர்சா 200, 400 மீற்றர் இரண்டிலும் வென்றார். 2002இல் பூசானில் சுசந்திகா ஜயசிங்க 100 மீற்றரிலும் தர்சா மீண்டும் 400 மீற்றரிலும் வென்றார்கள். அதன் பின்னர் 21 வருடங்கள் மெய்வல்லுநர் போட்டிகளில் ஒரு தங்கமும் இல்லை. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சூ நகரில் 18 வயதுப் பெண்பிள்ளை தருஷி கருணாரத்ன 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடி வென்றாள். பெரிய நகரத்துப் பெரிய கல்லூரியிலிருந்து வந்தவளல்லள். கண்டி மாவட்டத்து வலலயிலுள்ள இரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி. அதனை நாம் தொலைக்காட்சியிற் பார்த்தபோது, விடுதியில் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒன்றாய்க் கத்தினோம் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

மேலே சொன்ன பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் ஓட்டங்கள். 1958இன் பின்னர் பாய்ச்சலில் ஒரு தங்கமும் இலங்கைக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் வரவில்லை. ஏன்? இதற்குப் பலவிதமான விடைகள் சொல்லலாம். நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது மிகச் சாதாரணமான விடை. மெத்தை.

எதிர்வீரசிங்கம் காலத்திலே உயரம் பாய்பவர் விழுந்தது மணற் குழியில் அல்லது மரத்தூட் குவியலில். ஆகையால் அக்காலத்துப் பாய்ச்சல் முறைகள் எல்லாம், காலிலோ கையிலோ ஊன்றி விழக்கூடியவாறு அமைந்தன. கத்தரிக்கோல் போலக் காலை மாற்றிப் பாய்ந்தாலென்ன, வயிற்றுப் பக்கம் கோலை நோக்க உருண்டு பாய்ந்தாலென்ன, மணல் போதும். ஒரு மண்வெட்டியும் இரண்டு தடியும் ஒரு மூங்கிலும் இருந்தால், பெரியவிளானிலுள்ள பையனும் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள பையனும் ஒரே வித்தையைப் பழகலாம். அந்தக் காலத்தில் ஆயுதத்தில் ஏற்றத்தாழ்வு குறைவு. (சோவியத் பாய்ச்சற்காரர் சிலர் தடித்த அடியுள்ள சப்பாத்து அணிந்து 1957இல் உலக சாதனை படைத்ததும், அடுத்த ஆண்டிலேயே அடியின் தடிப்பு 13 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாதெனச் சட்டம் வந்ததும் ஒரு சுவையான கதை. நேரம் போதாது.)

1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்கர் முதுகைக் கோலுக்குக் காட்டி, தலை முன்னே போக, வில் போல் வளைந்து 2.24 மீற்றர் பாய்ந்து வென்றார். இந்த முறையின் நுட்பம் யாதெனில், உடல் வளைந்திருப்பதனால் அதன் பாரமையம் கோலுக்குக் கீழாகவே போக, உடல் மாத்திரம் பகுதி பகுதியாகக் கோலுக்கு மேலாற் கடந்துவிடுகிறது. அதே உந்துதலுக்குக் கூடிய உயரம் கிடைக்கிறது. இன்று உலகப் போட்டிகளில் வேறு முறையிற் பாய்பவரைக் காண்பது அரிது. ஆனால் இம்முறையிற் பாய்பவர் விழுவது முதுகிலும் தோளிலும். சற்றுத் தவறினால் கழுத்தில். மணலிலே இதனைப் பழகுவது கழுத்தை முறிக்கப் பழகுவதாகும். பஞ்சு மெத்தைகள் வந்த பின்னரே இம்முறை பரவக்கூடியதாயிருந்தது. சர்வதேசப் போட்டிக்கு அந்த மெத்தை 6 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 0.7 மீற்றர் உயரமும் உடையதாய் இருக்கவேண்டும். எங்கள் கிராமத்துப் பாடசாலை ஒன்றின் அதிபருடைய அறையே அவ்வளவு பெரிதாயிராது.

ஆகவே இங்கே நடந்தது என்ன? எங்கள் பிள்ளைகளின் காலில் வலிமை குறையவில்லை. உலகம் பாயும் முறையை மாற்றிக்கொண்டது, அந்த முறைக்கு வேண்டிய மெத்தை எங்களிடம் வரவில்லை. வரவேண்டிய காலத்தில் மைதானங்களே இல்லாமற் போயின. பாடசாலைகள் இடம்பெயர்ந்து மரத்தின் கீழ் நடந்த காலத்தில் உயரம் பாய்தலைப் பற்றி யார் நினைப்பார்? யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு திருத்தப்பட்டுத் திறக்கப்பட்டதே 2016ஆம் ஆண்டில்தான். நாம் நன்கு அறிந்த ஒரு பாடசாலையிலே, பழைய படுக்கை மெத்தைகள் நான்கைக் கயிற்றாற் பிணைத்து, மேலே படங்கு விரித்து, அதன்மேல் பையன்கள் முதுகுப் பாய்ச்சல் பழகினார்கள். மெத்தைகள் இரண்டாய்ப் பிரிந்த இடைவெளியில் ஒருவன் விழுந்து தோளெலும்பு முறிந்தது. அத்தோடு அந்தப் பாடசாலையில் உயரம் பாய்தல் நின்றது. அடுத்த வருடத்து இல்ல விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலில் அந்த வரியே இல்லை. அந்தப் பையன் நன்றாகத்தான் பாய்ந்தான்.

அரும்பு இல்லை என்று சொல்லாதீர்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கையின் தேசிய சாதனையை ஒருமுறையல்ல, பலமுறை புதுப்பித்தார். கோலூன்றிப் பாய்தலுக்கு வேண்டிய மெத்தை உயரம் பாய்தலின் மெத்தையிலும் பெரிது. கோலும் விலை கூடியது. அப்படியிருந்தும் ஒரு பெண்பிள்ளையை ஒரு பாடசாலையும் ஒரு பயிற்றுநரும் அந்த இடத்துக்குக் கொண்டுசென்றார்கள் என்றால், கருவி கையில் எட்டிய இடத்தில் ஆற்றல் தானே வெளிவருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மறுபக்கம் பாருங்கள். உயரம் பாய்தலில் இலங்கையர் ஒருவர், உஷான் திவங்க, 2.30 மீற்றர் பாய்ந்து தேசிய சாதனை நிலைநாட்டியது 2021ஆம் ஆண்டில். பாய்ந்த இடம் அமெரிக்கா, அங்கே பல்கலைக் கழக மாணவராய் இருந்த காலத்தில். எதிர்வீரசிங்கமும் பொன் பெற்றது அமெரிக்கப் பல்கலைக் கழகத்து மாணவராய் இருந்தபோதே. அறுபது வருடங்களுக்கு மேலாகியும் எங்கள் நாட்டுப் பாய்ச்சற்காரன் உச்சத்தைத் தொடக் கடல் கடக்கவேண்டியிருக்கிறது. போகிறவர்களைக் குறைசொல்லவில்லை. போக வழியில்லாத பிள்ளைகள்தான் எங்கள் கணக்கு.

ஆகையினால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பேச்சுப் போட்டி, பண்ணிசைப் போட்டி, கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். வெற்றிக் கேடயங்கள் கொடுக்கிறோம். அவை நடக்கட்டும். வரும் ஆண்டில் கேடயங்களின் தொகையைச் சற்றுக் குறைத்து, வெளிநாட்டிலுள்ள பழைய அங்கத்தவர்களிடமும் கேட்டு, உயரம் பாய்தலுக்குரிய ஒழுங்கான மெத்தை ஒன்றும் தூண்கள் ஒரு சோடியும் கோல் இரண்டும் வாங்கவேண்டும். ஒரு பாடசாலைக்கு மாத்திரம் கொடுத்தால் பொறாமையும் பூட்டும்தான் மிஞ்சும். ஆகையாற் சுற்றியுள்ள பாடசாலைகள் யாவும், சைவப் பாடசாலை, மிசன் பாடசாலை என்ற பேதமின்றி, முறை வைத்துப் பாவிக்கக்கூடியவாறு அது சங்கத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நாள் ஒதுக்கவேண்டும். அவர்கள் பழகும்போது வேலியோரத்தில் நின்று பார்க்கும் எங்கள் தோழர்களைக் கலைப்பதற்கு ஒரு பெரியவரும் வேண்டும்.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. அதனை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. மெத்தையை வாங்குவது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை. வெயிலும் மாரி மழையும் எலியும் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் அது குப்பையாகிவிடும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் கூரைக்குக் கீழ் வைக்க 6 மீற்றர் நீளமுள்ள இடம் வேண்டும். மண்டபத்தின் பின்புறத்துக் களஞ்சிய அறையை நாம் அளந்து பார்த்தோம். பழைய தேர்தல் பெட்டிகளும் உடைந்த வாங்குகளும் அங்கே இருக்கின்றன. அவற்றை அப்புறப்படுத்தினால், மெத்தையை இரண்டு துண்டாகப் பிரித்து நிமிர்த்தி வைக்கலாம். பெட்டிகள் யாருடையவை என்று நிருவாக சபையினர் தெரிவித்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இளைஞர்கள் வந்து அந்த வேலையைத் தொடங்க ஆயத்தமாக இருக்கிறார்கள்.